முள்ளியவளைக் கிணற்றுநீரும் வீட்டுத் தொட்டிச் சிக்லிட்டும்

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் சிக்லிட் மீன் வாங்கிக் குஞ்சு பொரிக்க வைக்க நினைப்பவர், கடைப்பக்கம் போகுமுன் ஒருதரம் தன் வீட்டுக் கேத்திலின் அடியைப் பார்த்துவிட வேண்டும். அங்கே வெள்ளைச் சுண்ணாம்பு தட்டாகப் படிந்திருந்தால் தெரிவில் பாதி அப்போதே முடிந்துவிட்டது. மீதியைத் தீர்மானிப்பவை கோடை வெயில், கரண்ட், பிறக்கப்போகும் குஞ்சுகளுக்கான போக்கிடம் ஆகியவை. நிறமும் அழகும் இவற்றுக்குப் பின்னால்தான் வர வேண்டும். கடையில் முதலில் கண்ணில் படுவது அவைதான் என்பதால் பலர் தலைகீழாகத் தொடங்கி, சில மாதங்களில் வெறுந்தொட்டியோடு நிற்கிறார்கள்.

சிக்லிட் என்ற மீன் குடும்பத்தில் இதுவரை அறிவியலார் பெயரிட்டு விவரித்த இனங்கள் 1700க்கு மேல். கிழக்கு ஆபிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா, விக்டோரியா ஏரிகளில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை வாழ்கின்றன. மத்திய அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் இன்னும் சில நூறு. தென்னாசியாவுக்கு வந்தால் இந்த எண்ணிக்கை சடுதியாக விழுந்துவிடும். இங்கே இயற்கையாக உள்ளவை மூன்றே மூன்று. ஒன்று கர்நாடகத்தின் சில ஆறுகளோடு நின்றுவிட்டது. மற்ற இரண்டும் இலங்கையின் களப்புகளிலும் கழிமுகங்களிலும் உண்டு. அந்த இரண்டையும் பற்றி இக்கட்டுரையில் அதிகம் பேச வேண்டியிருக்கும்; அதற்குமுன் கடைகளில் கிடைக்கும் மற்றவற்றைப் பார்த்துவிடலாம்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் சிக்லிட் என்று கேட்கலாம். கப்பி குஞ்சை ஈன்றதோடு தன் கடமையை முடித்துக்கொள்கிறது. தங்கமீன் முட்டையைத் தூவிவிட்டு, திரும்பி வந்து அதையே தின்கிறது. சிக்லிட் முட்டைக்குக் காவல் நிற்கும், விசிறும், குஞ்சை வாயில் தூக்கிக்கொண்டு இடம் மாற்றும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973 இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ், தன் தொட்டியிலிருந்த ஜுவல் சிக்லிட் ஆண் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். மாலையில் சிதறிய குஞ்சுகளை வாயில் கவ்விக் கூட்டுக்குத் திருப்பிக்கொண்டிருந்த அந்தத் தகப்பன் மீனின் வாயில் புழுத்துண்டு ஒன்று இருந்தபோது, வழிதவறிய குஞ்சு ஒன்று எதிர்ப்பட்டது. குஞ்சையும் கவ்வியது. இப்போது வாயில் ஒன்று விழுங்க வேண்டியது, மற்றது விழுங்கக் கூடாதது. சற்று அசையாமல் நின்ற மீன் இரண்டையும் துப்பியது. குஞ்சின்மேல் ஒரு கண்ணை வைத்தபடி புழுவைத் தின்றது. பிறகு குஞ்சைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தது. இப்படி ஒரு காட்சியை வீட்டுக் கூடத்தில் இருந்தபடி பார்க்கலாம் என்பதே சிக்லிட் வளர்ப்பின் ஈர்ப்பு.

தண்ணீர், வெயில், கரண்ட்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வடபகுதியின் கரையோரங்களிலும் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கிறது. உள்ளே வவுனியாப் பக்கம் போனால் அடியில் இருப்பது கருங்கற்பாறை. ஆனாலும் அங்கே ஆழக்கிணற்று நீர் பல இடங்களில் கடினமானதுதான். முள்ளியவளையில் கிணற்றுக்குக் கிணறு நீர் வேறுபடும். மணற்பாங்கான வளவில் சவர்க்காரம் நன்றாக நுரைக்கும். அடுத்த ஒழுங்கையிலேயே நுரைக்க மறுக்கும். எனவே பக்கத்து வீட்டுக்காரரின் தொட்டி அனுபவத்தை அப்படியே நம்பக் கூடாது. மீன்கடையில் கிடைக்கும் சோதனைத் தாள் ஒன்று போதும். கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் கிட்டத்தட்டக் காட்டிவிடும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், அமேசன் பக்கத்து சிக்லிட்டுகள் பல மென்மையான, அமிலச் சார்புள்ள நீரில் உருவானவை. வளர்ந்த மீன் கடின நீரைத் தாங்கிக்கொள்ளும்; முட்டை தாங்காது. கல்சியம் மிகுந்த நீரில் அவற்றின் முட்டைகள் சரியாகக் கருக்கட்டுவதில்லை, கருக்கட்டினாலும் பொரிப்பது குறைவு. மீன் கொழுகொழுவென்று இருக்கும், மாதந்தோறும் முட்டையிடும், முட்டை எல்லாம் மறுநாள் வெள்ளையாகிவிடும். உரிமையாளர் மீனைக் குறை சொல்வார்.

மழைநீரைப் பிடித்துப் பயன்படுத்தலாமே என்று சிலர் சொல்வதுண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை நமக்கு மழைக்குக் குறைவில்லை. சில வீடுகளில் மழைநீர்த் தாங்கியும் இருக்கிறது. ஆனால் அந்தத் தாங்கி சீமெந்தால் கட்டியது. புதுச் சீமெந்து நீரில் சுண்ணாம்பை விடும். கூரையிலிருந்து மென்மையாக விழுந்த நீர் சில வாரங்களில் காரமாகிவிடும். பிளாஸ்ரிக் தாங்கியில் பிடித்தால்தான் மழைநீர் மழைநீராகவே இருக்கும். கோடையில் நீர் மாற்ற அதையும் சேமித்து வைக்க வேண்டும். ஒரு சோடி மீனுக்காக இவ்வளவும் செய்யத் துணிந்தவர்களைத் தடுப்பதற்கில்லை.

வெயிலைப் பொறுத்தவரை ஹீட்டர் வாங்கும் செலவு நமக்கு மிச்சம். ஆனால் வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. 30 பாகை செல்சியஸில் நன்னீர் ஒரு லீற்றர் அதிகபட்சம் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் கரைத்து வைத்திருக்கும். நீர் சூடேற ஏற இது குறைந்துகொண்டே போகும். மற்றது அமோனியா. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அமோனியாவில் ஒரு பகுதிதான் நஞ்சான வடிவில் இருக்கும். 30 பாகையில் பிஎச் எனும் அமில-கார அளவு 7 ஆக இருந்தால் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் ஏறத்தாழ ஏழரை. நம்முடைய கார நீரில் அளவுக்கு மீறித் தீனி போடுவதன் விலை பத்து மடங்கு என்று அர்த்தம். சிக்லிட் மீன்கள் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். ஆகவே ஸ்பொஞ் பில்டர் ஒன்றைப் புதுத்தொட்டியில் நாலைந்து வாரம் ஓடவிட்டு, அதில் கழிவை மாற்றும் பக்டீரியா குடியேறிய பின்பே மீனை விட வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது.

பில்டர் ஓடக் கரண்ட் வேண்டும். போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்தோடுதான் வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சாரம் ஒழுங்காக வந்தது. அதற்கு முன் வீட்டில் தொட்டி வைப்பது இங்கே நினைத்துப் பார்க்கக்கூடிய பொழுதுபோக்கே அல்ல. வந்த மின்சாரமும் 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் நின்றுபோனது. அப்படியான நாட்கள் திரும்ப வராவிட்டாலும், மாரிகாலத்தில் மரம் முறிந்து கம்பி அறுந்தால் ஓர் இரவு முழுவதும் கரண்ட் இல்லாமல் போகலாம். பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பி ஒன்று கைவசம் இருக்கட்டும். மீனை நெருக்கி அடைக்காத தொட்டி அதைவிடப் பெரிய காப்பு.

கடையில் கிடைப்பவை

இந்தச் சூழலில் ஒவ்வோர் இனமாகப் பார்ப்போம். டிஸ்கஸை முதலில் எடுத்துக்கொண்டு முதலிலேயே விலக்கிவிடலாம். தட்டையான வட்ட உடலும் நிறமும் கொண்ட அது மீன்களின் அரசன் என்று போற்றப்படுவது நியாயந்தான். பெற்றோரின் தோலில் ஊறும் சளியைக் குஞ்சுகள் மேய்ந்து வளர்வது அதன் பெருமை. ஆனால் மென்மையான நீர், இடைவிடாத நீர்மாற்றம், விலையேறிய தீனி எல்லாம் அதற்குத் தேவை. முள்ளியவளைக் கிணற்று நீரில் அதை வளர்க்கலாம், இனம்பெருக்குவது வீண்பாடு. ராம் என்ற சிறிய அழகிய சிக்லிட்டுக்கும் இதே பதில். வெனிசுவெலா, கொலம்பியாச் சமவெளிகளின் மென்னீர் மீன் அது. சூட்டை விரும்பும், சுண்ணாம்பை விரும்பாது.

ஏஞ்சல் மீன் இதற்கு ஓரளவு விலக்கு. அதுவும் அமேசன்தான். ஆனால் பல பத்தாண்டுகளாகப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்பட்டதால் நடுத்தரக் கடினத்தைச் சகித்துக்கொள்ளப் பழகிவிட்டது. நிமிர்ந்து நிற்கும் இலையிலோ சிலேட்டுத் துண்டிலோ முட்டையை வரிசையாக ஒட்டும். இரண்டரை நாளில் பொரிக்கும்; இன்னும் ஐந்தாறு நாளில் குஞ்சு நீந்தும். குறை என்னவென்றால், பண்ணை வாழ்க்கையில் தாய்தகப்பன் குணத்தைப் பல சோடிகள் தொலைத்துவிட்டன. இட்ட முட்டையை இரவோடிரவாகத் தின்றுவிடும். அதனால் வளர்ப்போர் முட்டை ஒட்டிய சிலேட்டைத் தனித்தொட்டிக்கு மாற்றி, பூஞ்சணத்தைத் தடுக்கும் மெதிலீன் புளூ சில துளி விட்டு, காற்றுக் குமிழியால் முட்டையை விசிறுகிறார்கள். குஞ்சு கிடைக்கும். பெற்றோரின் காவலைப் பார்க்கும் இன்பம் கிடையாது. விற்பதற்காக வளர்ப்பவருக்கு ஏஞ்சல் பொருந்தும். உள்ளூர்க் கடைகள் கப்பிக்கு அடுத்தபடி கேட்டு வாங்கும் மீன்களில் அதுவும் ஒன்று.

கொன்விக்ட் சிக்லிட் வேறு ரகம். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த, கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட, பத்துச் சென்ரிமீற்றர் மீன். கடின நீரா, அது அதன் சொந்த வீட்டு நீர். ஆண், பெண் கண்டுபிடிப்பதும் சுகம்; பெண்ணின் வயிற்றில் செம்மஞ்சள் படரும். உடைந்த பூச்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் சில வாரங்களில் உள்ளே நூற்றுக்கணக்கான முட்டை. தாய், தகப்பன் இரண்டும் குஞ்சுக் கூட்டத்தை நடத்திச் செல்வதைப் பார்த்தால் புதிதாக வளர்க்க வந்தவருக்கு வேறு பள்ளிக்கூடம் தேவையில்லை. இதன் வெற்றியே இதன் சிக்கல். மாதத்துக்கு ஒருமுறை இருநூறு குஞ்சு என்றால், மூன்றாவது மாதத்தில் கடைக்காரர் உங்களைக் கண்டதும் உள்ளே போய்விடுவார். மிஞ்சிய குஞ்சுகள் எங்கே போகும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

மலாவி ஏரியின் பாறைச் சிக்லிட்டுகள் நம் நீருக்கு மிக நெருங்கியவை. அந்த ஏரியின் பிஎச் எட்டுக்கு மேலும் கீழுமாக நிற்பது. மஞ்சள் லாபிடோகுரோமிஸ் அவற்றில் சாது. பெண் முட்டையை வாயில் அடைகாக்கும்; மூன்று நாலு வாரம் உண்ணாமல் திரிந்து, பத்துப் பதினைந்து குஞ்சை ஆளாக்கி வெளியே விடும். தொகை குறைவு என்பதால் வீட்டுக்குச் சுமை இல்லை. ஆனால் இவை கூட்டமாகவே வாழ வேண்டும். ஓர் ஆணுக்கு நாலைந்து பெண், இருநூறு லீற்றருக்குக் குறையாத தொட்டி, கற்குவியல். இரண்டு மூன்று இனத்தை ஒன்றாகப் போட்டால் ஒன்றோடொன்று கலந்து பெயர் சொல்ல முடியாத குஞ்சுகள் பிறக்கும். கடைகளில் மலாவிக் கலவை என்று விற்பவற்றுள் பல அப்படிப் பிறந்தவையே. இனம்பெருக்க விரும்புகிறவர் அவற்றை வாங்கக் கூடாது.

தங்கனீக்கா ஏரியில் வெற்று நத்தை ஓட்டுக்குள் குடித்தனம் நடத்தும் ஒரு குட்டிச் சிக்லிட் கூட்டம் உண்டு. மூன்று நாலு சென்ரிமீற்றர்தான் நீளம். நாற்பது லீற்றர்த் தொட்டி போதும். நம் வயல்களில் கோடையில் கிடக்கும் நத்தை ஓடுகளைக் கழுவிப் போட்டால் வீடும் தயார். நீரும் நமக்கேற்ற கடின நீர். இது எளிதாகக் கிடைக்குமானால் என் தீர்ப்பு மாறியிருக்கவும் கூடும். ஆனால் வடக்கின் கடைகளில் அதை எதிர்பார்க்க முடியாது.

மேற்கு ஆபிரிக்காவின் கிரிபென்சிஸ் குகைக்குள் முட்டையிடும் அமைதியான மீன். நீரின் பிஎச் அளவு குஞ்சுகளின் ஆண் பெண் விகிதத்தையே மாற்றிவிடும் என்பது ஆய்வுகளில் வெளிப்பட்ட வியப்பு. மிதமான கடினத்தில் அதுவும் குஞ்சு எடுக்கும். ஒஸ்கார் முப்பது சென்ரிமீற்றர் வரை வளரும் செல்லப்பிராணி; இனம்பெருக்க வீட்டுத் தொட்டி காணாது. பிளவர்ஹோர்ன் 1990களில் மலேசியாவில் மனிதர் கலந்து உருவாக்கிய மீன். அதன் ஆண்களில் பல மலடு. அது இனமே அல்ல என்பதால் இந்தக் கேள்விக்குள் அடங்காது.

திலாப்பியாவைச் சொல்லாமல் விட முடியாது. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு என்று நம் குளங்களில் எறிவலையை வீசினால் ஏறுவதில் பெரும்பகுதி அதுதான். பலர் அதைச் சிக்லிட் என்றே எண்ணுவதில்லை. மொசாம்பிக் திலாப்பியா 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. குளமீன்பிடிக்கு அடித்தளம் இட்டது அது. வன்னியின் ஏழை வீட்டுக் கறிச்சட்டிக்கு அது செய்த உபகாரத்தைக் குறைத்துப் பேசக் கூடாது. அதேவேளை உலகின் மிக மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறு என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியலிலும் அதன் பெயர் இருக்கிறது. பெண் வாயில் முட்டையை அடைகாக்கும் விந்தையைப் பார்க்கப் பையன்கள் நாலு குஞ்சைப் பிடித்து வந்து தொட்டியில் விடுவதுண்டு. நெருக்கடியான இடத்தில் அது வளராமலே பருவமடைந்து, சுண்டுவிரல் அளவிலேயே பெருகத் தொடங்கிவிடும். பாடசாலைச் செயற்பாட்டுக்கு நல்லது. வீட்டுக் கூடத்துக்கு வேண்டாம்.

நம் களப்பின் இரண்டு மீன்கள்

இனி நம்முடையவை. பெரியது பச்சைக் குரோமைட். செத்தல் என்பார்கள், கேரளத்தில் கரிமீன். 2010 இல் கேரள அரசு அதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. சிறியது செம்மஞ்சள் குரோமைட். கடைகளில் ஒறேஞ் குரோமைட். ஜெர்மானிய மீனியலாளர் புளொக், பெரியதை 1790 இலும் சிறியதை 1795 இலும் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அவற்றின் தட்டை உடலைக் கண்டு பவளப்பாறை வண்ணத்துப்பூச்சி மீன்களோடு சேர்த்து வைத்தார். உண்மையில் இவற்றின் நெருங்கிய உறவினர் இருப்பது மடகஸ்காரில். கோண்ட்வானாக் கண்டம் உடைந்தபோதே பிரிந்தவையா, பின்னர் கடல் வழியாகப் பரவியவையா என்பது இன்னும் வழக்காகவே இருக்கிறது.

இந்த இரண்டும் ஒரே நீரில் சேர்ந்து வாழும் விதம் அலாதியானது. அமெரிக்க ஆய்வாளர்கள் ரிச்சர்ட் வைமனும் ஜாக் வார்டும் 1972 இல் எழுதியது இது: செம்மஞ்சள் குரோமைட் பெரிய மீனின் உடலில் பற்றிய பூஞ்சணத்தையும் ஒட்டுண்ணியையும் கொத்திச் சுத்தம் செய்யும், பெரிய மீனும் அதற்கு நின்றுகொடுக்கும். பின்னர் இலங்கைக் களப்புகளிலேயே இவற்றைக் கவனித்து 1977 இல் அவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1981 இல் வார்டும் நம் நாட்டு ஆய்வாளர் ஜயம்பதி சமரக்கோனும் இனப்பெருக்க உத்திகளைப் பற்றி மேலும் எழுதினார்கள். சுத்தம் செய்யும் அதே சிறிய மீன், கண் அசந்தால் பெரிய மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். ஊழியம் ஒருபக்கம், களவு மறுபக்கம்.

வீட்டுக்கு எது? பச்சைக் குரோமைட் சாதாரணமாகவே இருபது சென்ரிமீற்றர் வளரும், நாற்பதையும் எட்டக்கூடும். ஒரு சோடி முட்டையிட ஐந்நூறு லீற்றர் நீராவது வேண்டும். பாசியையும் தாவரத்தையும் மேயும். தொட்டியில் செடி வைக்க முடியாது. வளவில் சீமெந்துத் தொட்டியோ சிறு குளமோ உள்ளவர் முயலலாம். வளர்ந்ததைக் கறியும் வைக்கலாம் என்பது பல அலங்கார மீன்களுக்கு இல்லாத வசதி. கூடத்துத் தொட்டிக்கு உரியது சிறியதுதான்.

செம்மஞ்சள் குரோமைட் எட்டுச் சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். காட்டு வடிவம் மங்கிய மஞ்சளில் புள்ளிகளும் விலாவில் கரும்பொட்டும் கொண்டது. கடையில் விற்பது பெரும்பாலும் தெரிந்தெடுத்துப் பெருக்கிய பொன்னிற வடிவம். ஆண் பெண் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அதனால் இரண்டு வாங்குவது சூதாட்டம். ஆறு குஞ்சுகளை வாங்கி மூன்றடித் தொட்டியில் வளர்த்தால் அவையே சோடி சேரும். தனியாக விட்டால் மூலையில் ஒளிந்துகொள்ளும் கூச்ச மீன் என்பதாலும் கூட்டமாக வளர்ப்பதே சரி. சோடி சேர்ந்ததும் மற்றவற்றை மூலைக்கு ஓட்டும். அப்போது சோடியைத் தனித்தொட்டிக்கு மாற்றலாம். நூறு லீற்றர் போதும்.

நீர் விடயத்தில் இது கடினத்தையும் காரத்தையும் விரும்பும் மீன். நன்னீரிலும் வாழும், ஆனால் நெடுநாள் வெறும் நன்னீரில் இருந்தால் பூஞ்சண நோய்க்கு இலகுவில் ஆளாகும். லீற்றருக்கு மூன்று நாலு கிராம் உப்பு இருந்தால் திடமாக இருக்கும். அயடீன் சேராத கல்லுப்பைக் கரைத்து விடலாம். அதைவிட நல்லது கடல்நீர். கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஆகவே ஒரு பங்கு கடல்நீருக்கு ஒன்பது பங்கு கிணற்றுநீர் சேர்த்தால் மூன்றரைக் கிராம் வந்துவிடும், மற்றக் கனிமங்களும் கூடவே வரும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து கடல்நீரை முள்ளியவளைக்குக் கொண்டுவருவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. ஆண்டுதோறும் வைகாசியில் தீர்த்தமெடுத்து வந்து காட்டு விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்த பிறகுதானே வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலே நடக்கிறது.

முட்டையிடும் காலம் வந்தால் சோடியின் நிறம் செறியும், இரண்டும் சேர்ந்து தட்டைக் கல்லொன்றைக் கொத்திக் கொத்தித் துப்புரவாக்கும். கவிழ்த்த சட்டியோ சிரட்டையோ இருந்தால் அதையும் ஏற்கும். நூறிலிருந்து முந்நூறு வரை முட்டை. ஒவ்வொன்றும் சிறு காம்பில் தொங்கும். ஒன்று விசிறும்போது மற்றது காவல். 28 பாகையில் மூன்று நாளளவில் பொரிக்கும். பெற்றோர் மணலில் பள்ளம் தோண்டி வைத்திருப்பார்கள். பொரித்தவற்றை வாயில் அள்ளிப் பள்ளத்துக்கு மாற்றுவதும், ஒரு பள்ளத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ப்பதும் நாள்தோறும் நடக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அதன்பின் நடப்பதற்காகவே இந்த மீனை வளர்க்கலாம். குஞ்சுகள் பெற்றோரின் விலாவில் மோதி மோதித் திரும்பும். தோலின் மேற்சளியைச் சிறிது சிறிதாகக் கொத்தித் தின்னும். வார்டும் ஜோர்ஜ் பார்லோவும் 1967 இலேயே இதை விரிவாக ஆராய்ந்தார்கள். டிஸ்கஸுக்கு எவ்வளவோ பணம் கொடுத்து மக்கள் பார்க்கும் அதே காட்சி, நம் களப்பு மீனிடம், நம் கிணற்று நீரில் கிடைக்கிறது. முதல் ஒன்றிரண்டு ஈட்டைச் சோடி தின்றுவிடலாம். முட்டையைப் பிரித்தெடுக்க அவசரப்படாதீர்கள். அடுத்த ஈட்டில் பழகிக்கொள்ளும்.

குஞ்சுக்குத் தீனி கொஞ்சம் யோசிக்க வேண்டிய விடயம். ஆட்டீமியா என்ற நுண்ணிறாலின் முட்டை டின் விலை கையைக் கடிக்கும். வாளியில் மொய்னா என்ற நீர்த்தெள்ளை வளர்ப்பது மலிவு. பெரிய மீனுக்கு நுளம்புக் குடம்பி அருமையான உணவு, ஆனால் அதை வளவில் வேண்டுமென்றே வளர்க்க வேண்டாம். நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மீனுக்காகத்தான் என்று விளக்கம் சொல்லித் தப்ப முடியாது. டெங்கு பரவும் ஊரில் தப்பவும் கூடாது.

இனி மிஞ்சும் குஞ்சுகளுக்கு வருவோம். இந்தக் கேள்வியை மீன் வளர்ப்பு நூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும்; வன்னியில் இதுதான் முதற் கேள்வி. இங்கே ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குளம், குளத்துக்கு ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு முடிவில் களப்பு. கண்ணாடித் தொட்டியிலிருந்து மீன் தானாக வெளியேறாது. ஆனால் வளர்ப்பவர் எல்லோரும் ஒரு கட்டத்தில் வளவில் சீமெந்துத் தொட்டி கட்டுகிறார்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூடிய வெள்ளம் போல ஒன்று வந்தால் தொட்டிக்கும் வாய்க்காலுக்கும் எல்லை இருக்காது. இலங்கையின் நீர்நிலைகளில் இன்று காணப்படும் கத்தி மீனும், தொட்டி சுத்தம் செய்யும் கவச மீனும் அலங்கார மீன் வளர்ப்பிலிருந்து வெளியேறியவையே. கொன்விக்ட் நம் குளங்களில் வாழாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. சூடும் கடின நீரும் கல்லிடுக்கும் அதற்கு வேண்டியபடியே இருக்கின்றன. உலகின் வேறு சில நாடுகளில் அது ஏற்கெனவே குடியேறிவிட்டது. விக்டோரியா ஏரியில் 1950களில் விட்ட நைல் பேர்ச் என்ற ஒரே மீன், 1980களில் ஏறத்தாழ இருநூறு சிக்லிட் இனங்களை இல்லாமலாக்கக் காரணமானது. செம்மஞ்சள் குரோமைட் வெள்ளத்தோடு போனாலும் தன் சொந்த வீட்டுக்குத்தான் போகிறது. அதற்காகப் பொன்னிற வளர்ப்பு மீனைக் களப்பில் கொண்டுபோய் விடலாம் என்று பொருளல்ல. வளர்ப்புத் தொட்டியின் நோயும் அதோடு போகும். ஆனால் தவறு நேர்ந்தால் அதன் விலை மிகக் குறைவு. மற்றெல்லா வகையிலும் சமமாக நிற்கும் இரண்டு மீன்களில் ஒன்றைத் தெரிய இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

களப்புக்குப் போய் நாமே பிடித்து வரலாமா என்று கேட்பவர்களுக்கு: நந்திக்கடலும் நாயாறும் 2017 இல் இயற்கை ஒதுக்கங்களாக அறிவிக்கப்பட்டவை. கொக்கிளாய் 1951 முதல் சரணாலயம். இவற்றில் மீனவரின் தொழில் உரிமை பற்றிய வழக்குகளும் மனக்குறைகளும் தனிக் கதை. தொட்டிக்காக மீன் பிடிக்க எண்ணினால் வனசீவராசிகள் திணைக்களத்திடம் முதலில் கேட்க வேண்டும். தொட்டியில் பிறந்த மீனை வாங்குவது அதைவிட இலகு. அதற்குத் தீனியும் பழகியிருக்கும், ஒட்டுண்ணியும் குறைவு.

வருமானத்தை எதிர்பார்ப்பவருக்கு ஒரு வார்த்தை. இலங்கையின் நன்னீர் அலங்கார மீன் ஏற்றுமதியில் முன்னணியில் நிற்பது கப்பி. சிக்லிட்டை வைத்து வீட்டுக்குப் பெரும்பணம் வராது. தொழிலாகவே செய்ய விரும்பினால் நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையை அணுகிப் பயிற்சி கேட்கலாம். அப்போதும் ஏஞ்சலும் கப்பியும்தான் கணக்குக்கு ஒத்துவரும். குரோமைட் குஞ்சுகளைச் சிறு தொகையாகக் கடைக்குக் கொடுத்தால் தீனிச் செலவாவது திரும்பும்.

ஆக, முள்ளியவளைக்கும் அதை ஒத்த கடின நீர் ஊர்களுக்கும் முதல் மீன் செம்மஞ்சள் குரோமைட். இருநூறு லீற்றர்த் தொட்டி உள்ளவருக்கு இரண்டாவது மஞ்சள் லாபிடோகுரோமிஸ். விற்பனைக்கு ஏஞ்சல், நீர் மிகக் கடினமல்லாத வளவென்றால் மட்டும். கொன்விக்டை மேல்மூடி உள்ள கண்ணாடித் தொட்டிக்கு வெளியே ஒருபோதும் வளர்க்காதீர்கள். தொட்டியை மார்கழியில் நிரப்பிப் பில்டரை ஓடவிடுங்கள். மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஆறு குரோமைட் குஞ்சுகளை வாங்குங்கள். கூடிப்போன குஞ்சைக் கடைக்கோ அயலவருக்கோ கொடுங்கள். எந்த மீனானாலும் குளத்தில் மட்டும் விடாதீர்கள்.